கடுகு டீச்சரின் கைப்பட்டை

எங்கள் சிறப்புப் பள்ளியில் அவரைக் கடுகு டீச்சர் என்றுதான் சொல்வோம். ஆள் சின்னவர், பொரிய ஆரம்பித்தால் கிட்டே நிற்க முடியாது. பிள்ளைகளிடம் மட்டும் குரல் உயராது. அந்தப் பாக்கியையும் சேர்த்து எங்களிடம் தீர்த்துக்கொள்வார்.

அவர் வகுப்பில் பேச்சு வராத ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி, கடிப்பாள். ஒவ்வொரு கடிக்கும் முன் என்ன நடந்தது, பின் என்ன நடந்தது என்று டீச்சர் நோட்டில் எழுதுவார். 'பின்' கட்டம் நிரம்பி வழியும். 'முன்' கட்டத்தில் 'ஒன்றுமில்லை' என்றே இருக்கும். இந்த மாதம் இன்னொரு முறை கடித்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று தலைமையாசிரியை அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டார். அவளைச் சேர்த்துக்கொள்ள வேறு பள்ளி கிடையாது.

கடைசி முயற்சியாக நாடித்துடிப்பை அளக்கும் கைப்பட்டை வந்தது. அவள் துடிப்பு எகிறினால் டீச்சரின் போன் அதிரும். கடிக்கும் முன்பே, அவளை அமைதியாக்கும் ஊஞ்சல் அறைக்கு அழைத்துப் போய்விடலாம். அவளோ கையை நீட்ட மறுத்தாள். டீச்சரும் ஒன்று கட்டிக்கொண்ட பிறகுதான் நீட்டினாள். இரண்டு பட்டைக்கும் பெயர் பதிந்தது அலுவலகத்தில் இருக்கும் அடியேன்.

மூன்று வாரம் ஒரு கடிகூட இல்லை. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன்.

அப்புறம் ஒருநாள் லிஃப்ட் ஓடவில்லை. டீச்சர் போனை என்னிடம் கொடுத்துவிட்டு, தண்ணீர் கேனோடு மூன்று மாடி ஏறினார். போன் அதிர்ந்தது. அந்தப் பெண்ணின் பெயருக்கு நேரே நூற்று நாற்பத்தெட்டு. விழுந்தடித்து ஓடினால், அவள் மேசையில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறாள். மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது டீச்சர்தான். பெயர்களை மாற்றிப் பதிந்திருக்கிறேன். இத்தனை நாளும் போனை அதிரவைத்தது டீச்சரின் நெஞ்சு. நோட்டில் எழுதத் தெரியாத ஏதோ ஒன்றை அது முன்கூட்டியே கண்டுகொண்டிருக்கிறது.

அவரிடம் சொல்லிவிட்டு, பொரியப் போகிறார் என்று நின்றேன். அவர் வெட்கிப்போய் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு அவகிட்ட பயம்னு இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு."

மறைக்காமல் தலைமையாசிரியையிடம் சொன்னோம். யார் நெஞ்சு அடித்தால் என்ன, கடி நின்றதல்லவா, அவள் இங்கேயே இருக்கட்டும் என்று முடித்துவிட்டார் அவர். தான் பயந்த விஷயத்தை அவள் அம்மாவிடம் தானே சொல்ல வேண்டும் என்று டீச்சர்தான் பிடிவாதம் பிடித்தார்.

முழுதும் கேட்ட அந்த அம்மா, பட்டை கட்டிய டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இவளப் பாத்து பயப்படறவங்க எல்லாரும் விலகித்தான் போவாங்க டீச்சர். நீங்க பயந்தப்பல்லாம் கிட்ட வந்திருக்கீங்க."