அல்பேர்ட்டாவில் மழை பெய்தால்

காலை ஏழு பத்து. முதலில் கண்ணில் பட்டது சமையலறை ஜன்னலில் வழிந்த மழை. எங்கள் வீடு இருக்கும் பியர்பொன்ட்ஸில் அது மூன்றாம் நாள் மழை.

என் கணவர் நாட்டின் மறுபக்கத்தில், அல்பேர்ட்டாவின் வறண்ட சமவெளியில், ஒரு மரக்கறிப் பண்ணையில் நீர் பாய்ச்சும் வேலையில் இருந்தார். அங்கே நிலம் ஊறும்படி மழை பெய்தால்தான் அவருக்கு நாலு நாள் லீவு கிடைக்கும், வீட்டுக்கு வரலாம். ஒன்பது கிழமைகளாக வரவில்லை. முதல் நாள் இரவு அங்கே பெருமழை பெய்யும் என்று வானிலை அறிக்கை சொன்னதால், அன்று பகலே அவருக்குப் பிடித்த நண்டு வாங்கி வைத்திருந்தேன்.

தொலைபேசி அடித்தது.

"இஞ்சருங்கோ, அங்கை மழையே?" என்று கேட்டேன்.

"ஓம், பெய்ஞ்சது. தூசி அடங்கக்கூடக் காணேல்லை. நண்டு வாங்கிப்போட்டீரோ?"

"இல்லையே."

"பொய். இஞ்சை வரைக்கும் மணக்குது."

சிரித்தார். பின்னால் தெளிப்பான்கள் சுழலும் சத்தம் கேட்டது.

"கரட்டுப் பக்கம் தண்ணியை மாத்தி விட வேணும். பேந்து கதைக்கிறன்."

நண்டைக் கழுவிப் பையில் கட்டி, உறைபெட்டியைத் திறந்தேன். உள்ளே ஏற்கெனவே இரண்டு பை நண்டு இருந்தது.