கட்டிலுக்கு மேல் ஒரு சிம்னி

சிம்னி மோட்டார் இரையும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்ணின் நினைவு வரும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய வீட்டுக்குச் சமையலறை சிம்னி மாட்டப் போயிருந்தேன். வெளியே குழாய் போகாத வகை. புகையை இழுத்து, கரி ஃபில்டரில் வடிகட்டி, அதே அறைக்குள் திருப்பி விடும்.

அவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஜன்னல் விளிம்பை விரலால் தொட்டுப் பார்ப்பதும், ஒட்டிய கறுப்புத் தூளை முந்தானையில் துடைப்பதுமாகவே இருந்தாள். நான் அடுப்புக்கு மேல் அளவெடுத்தேன்.

"அங்க இல்லண்ணா. இங்க மாட்டு" என்று அதே அறையின் மூலையில் கிடந்த கட்டிலைக் காட்டினாள். அதில் அவள் கணவன் விடாமல் இருமிக்கொண்டு படுத்திருந்தான்.

"இது எண்ணெய்ப் புகையும் வாசனையும்தாம்மா இழுக்கும். இந்தத் தூசிக்கு ஆவாது."

"ஆஸ்பத்திரில கைய விரிச்சிட்டாங்கண்ணா. நான் சும்மா பாத்துக்கினு இருக்கவா?"

அளவு டேப்பைச் சுருட்டிக்கொண்டு கட்டில் பக்கம் போனேன். சுவரில் துளையிட்டு, கட்டிலுக்கு மேலேயே மாட்டினேன். சுவிட்சைப் போட்டதும் மோட்டார் பெரிதாக இரைந்தது. அவள் தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, கண்களை மூடிக்கொண்டாள்.

அவன் நெஞ்சு குலுங்கிக்கொண்டுதான் இருந்தது. இருமல் சத்தம் மட்டும் கேட்கவில்லை.