குளிசை கரையும் நேரம்

என் வீட்டுக்காரர் வாயை மூடிக்கொண்டு நான் சொல்வதையெல்லாம் கேட்ட காலம் ஒன்று உண்டு. காலையில் மருந்துக் குளிசையை நாக்குக்கு அடியில் வைத்தால் அது முழுதாகக் கரையும்வரை பேசக்கூடாது, எச்சிலை விழுங்கக்கூடாது. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்து வாசல்படியில் உட்கார்ந்திருப்பார். நான் வேலை பார்க்கும் பிள்ளை மடுவத்துக்குப் புறப்பட்டபடியே, தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் என்னிடம் விட்டுவிட்டுப் போகும் குழந்தைகளின் கதையெல்லாம் சொல்வேன். நடுநடுவே அவரையும் நன்றாகத் திட்டுவேன். பதில் சொல்ல வழியில்லாமல் கண்ணாலேயே முறைப்பார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அதைவிட நல்ல நேரம் இருந்ததில்லை.

கொழும்பில் சாப்பாட்டுக் கடை வேலைக்குப் போனவர், ஹல்துமுல்லைக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்துக்குத் தூள் பழக்கத்தோடு திரும்பினார். தூள் என்றால் ஹெரோயின். என் தோடு போனது, கேஸ் சிலிண்டர் போனது, கடைசியில் கோயில் குத்துவிளக்கும் போனது. அதன் பிறகு அவர் தலையைக் கண்டாலே லயத்துக்காரர்கள் கொடியில் காயும் துணியைக்கூட எடுத்து உள்ளே வைத்தார்கள். அடித்துப் பார்த்தோம், சத்தியம் வாங்கிப் பார்த்தோம். பதுளையில் இதற்கென்று ஒரு கிளினிக் இருப்பதாகக் கேள்விப்பட்டதும், போனால் போகிறது என்று இழுத்துக்கொண்டு போனேன்.

அங்கே தங்க வேண்டியதில்லை, வாரம் ஒரு தடவை வந்தால் போதும் என்றார்கள். டொக்டர் பார்த்துக் குளிசை கொடுப்பார். பிறகு பக்கத்து அறையில் கவுன்சலிங். முக்காடு போட்ட பதுளைப் பெண் ஒருவர் இருப்பார். எங்களைவிட வயது குறைவு, ஆனாலும் எல்லோருக்கும் அவர் மிஸ்தான். முதல் நாளே என்னிடம் சொன்னார்: "அக்கா, இது போதைக்குப் பதிலாக் குடுக்குற போதை இல்ல. உடம்பு தூளத் தேடி அலையாமப் புடிச்சு வைக்கிற மருந்து. அவர் நல்லாத்தானே இருக்காருன்னு நீங்களா நிப்பாட்டிராதீங்க. நேரம் வரும்போது நாங்களே கொஞ்சங்கொஞ்சமாக் குறைப்போம்."

உண்மையிலேயே நல்லா இருந்தார். தோட்டத்தில் மறுபடி பேர் பதிந்து வேலைக்குப் போனார். மிஸ்ஸிடம் என்ன பேசினாரோ தெரியாது, என்னிடம் சொல்லாததையெல்லாம் அங்கே சொல்லி அழுதிருக்கிறார். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது. திரும்பும்போது பண்டாரவளையில் பஸ் மாறும் இடத்தில் எனக்கு வடை வாங்கித் தருவார்.

மாசி பிறந்தால் எங்கள் தோட்டத்தில், சிவன் மன்மதனை எரித்த கதையை ஆடும் காமன் கூத்து. காமனாக ஆடுகிறவர் கையில் காப்பு கட்டி, கூத்து முடியும்வரை விரதம் இருக்க வேண்டும். தோட்ட எல்லையைத் தாண்டக்கூடாது. அந்த வருஷம் கோயில் கமிட்டிக்காரர்கள் எங்கள் வீட்டுக்கே வந்து, "இந்த வாட்டி நீங்க காமனுக்குக் காப்பு கட்டுங்க தம்பி" என்றார்கள். விளக்கைப் பறிகொடுத்த அதே கோயில். அவர் அழுதுவிட்டார். நானும்தான்.

என் மாமியார் மட்டும் யோசித்தார். "காப்பு கட்டுன கையால அந்தக் குளிசையத் தொடலாமா ராசா? அதுவும் ஒரு போததானே? சாமி குத்தமாயிரும்."

"நிப்பாட்டக் கூடாதுன்னு மிஸ் படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க அத்தை" என்றேன்.

"கூத்து முடியிற வரைக்குந்தானே புள்ள" என்றார் என் வீட்டுக்காரர். "சாமிகிட்ட சுத்தமாப் போகணும்னு ஆசையா இருக்கு."

அந்த ஆசையை என்னவென்று சொல்வது! அதற்கு மேல் என் பேச்சு எடுபடவில்லை. எல்லையைத் தாண்டக்கூடாது என்பதால் கிளினிக்கும் நின்றது.

சில நாளில் கொட்டாவி தொடங்கியது. மூக்கு ஒழுகியது, தூக்கம் போனது. ஒரு சாயங்காலம் கூத்து நடக்கும் காமன் பொட்டலில் தப்பு முழங்க, கைகால் உதறி நடுங்கினார். "சாமி வந்திருச்சு!" என்று கூட்டம் கத்தியது. திருநீற்றை அள்ளிப் பூசினார்கள். மாமியார் மகன் காலில் விழுந்து கும்பிட்டார். எனக்கு அந்த நடுக்கம் தெரியும். தூள் கிடைக்காத நாட்களில் எங்கள் வீட்டு மூலையில் பார்த்த அதே நடுக்கம். "இது சாமி இல்ல, அவருக்கு உடம்புக்கு முடியல" என்று தொண்டை கிழியக் கத்தினேன். தப்புச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? நான் கத்தக் கத்த, எனக்கும் அருள் வந்துவிட்டதாக நினைத்து எனக்கும் திருநீறு பூசினார்கள்.

மறுநாள் காலையில் ஆளைக் காணோம். டவுனில் பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால் மூச்சு ஒடுங்கிக் கிடந்தவரை யாரோ த்ரீவீலில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். தூளை இடையில் விட்டுவிட்டுப் பழைய அளவையே எடுத்தால் உடம்பு தாங்காதாம். எப்படியோ பிழைத்தார். கையில் காப்பு அப்படியே இருந்தது.

கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும் என்று பூசாரி ஆஸ்பத்திரிக்கே வந்தார். எங்களுக்கு மேல் லயத்தில் இருப்பவர். காப்பை அவிழ்த்துக்கொண்டே, "நல்லாத்தானேப்பா இருந்த, மருந்த ஏன் விட்ட?" என்று கேட்டார்.

"காப்போட எப்படிங்க போடுறது?"

பூசாரி சட்டைப் பையிலிருந்து தன் குளிசைப் பட்டையை எடுத்துக் காட்டினார். "சீனி வியாதிக்கு நான் இதப் போட்டுக்கிட்டுத்தான் வருசா வருசம் காப்பு கட்டுறேன். மருந்துக்கு ஏதுப்பா வெரதம்? என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

மாமியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மேல் லயத்துக்கு எத்தனை படி ஏறிவிடப் போகிறோம்? கேட்டிருக்கலாம். மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கூத்தில் வேறொருவர் காமனாக ஆடினார். காப்போடு போய்த் தூள் எடுத்தவன் என்ற பேர் எங்கள் வீட்டுக்கு ஒட்டிக்கொண்டது. துணிகள் மறுபடி உள்ளே போயின. மிஸ் திட்டவில்லை. "விழுந்தா எழும்புறதுதான் அண்ணா, முதல்லருந்து தொடங்குவோம்" என்றார். தொடங்கியிருக்கிறோம்.

இப்போதும் காலையில் அதே படியில், நாக்குக்கு அடியில் குளிசையோடு உட்கார்ந்திருக்கிறார். நான்தான் கதை சொல்வதில்லை. என் கண் அவர் விரல்களிலேயே இருக்கிறது, நடுங்குகிறதா என்று. பேச்சில் கவனம் போனால் அதைத் தவறவிட்டுவிடுவேனோ என்று பயம்.

போன வாரம் குளிசை கரைந்து முடிந்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு, "இன்னைக்கும் ஒன்னும் சொல்லலியே புள்ள" என்றார். "திட்டக்கூட மாட்டியா?"

"புள்ளைங்க வந்திருக்கும், நேரமாச்சுங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.