பதிவேட்டில் இருந்த சப்பாத்து

இளம்பிள்ளை வாதத்தால் என் தங்கச்சியின் வலது கால் குட்டையாகிவிட்டது. கொழும்பில் ஒரு டாக்டர் காலை அளந்து, வலது பக்க அடியை உயர்த்திய தோல் சப்பாத்துச் சோடி ஒன்றைச் செய்வித்து ரயிலில் அனுப்பினார். பார்சல் சீட்டு எனக்குத் தபாலில் வந்தது. அதிலிருந்த எண்ணைச் சொன்னால், பக்கத்து ரயில் ஸ்டேசனில் பதிவேட்டைப் பார்த்து பார்சல் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுவார்களாம். கூடவே வந்த கடிதத்தில் அப்படித்தான் எழுதியிருந்தார்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. நான் நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஒரு சனிக்கிழமை பஸ் பிடித்து ஸ்டேசனுக்குப் போனேன். பார்சல் கிளாக்கர் சீட்டைக் கையில் வாங்கவேயில்லை.

“வரல்ல.”

“நம்பர் இருக்குங்க ஐயா. பொஸ்தகத்துல ஒருக்கா பாருங்களேன்.”

“வரல்லன்னா வரல்லதான். போ.”

மூன்று வாரம் கழித்துப் போனபோதும் அதே பதில். நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வாசலில் தங்கச்சி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “வந்துருச்சாக்கா?” அவள் சேர வேண்டிய டவுன் பள்ளிக்கூடத்தில் புதுத் தவணை வகுப்புகளும் தொடங்கிவிட்டன.

மூன்றாம் முறை போனபோது எனக்கு முன்னால் ஒரு முஸ்லிம் துணிக்கடை முதலாளி நின்றார். அவருடைய மூட்டையொன்று இரண்டு மாதமாக வரவில்லையாம். கிளாக்கர் சிரித்துக்கொண்டே பதிவேட்டைத் திறந்து, பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டி, விரலால் வரிவரியாகத் தேடினார். எதிர்ப்பக்கம் நின்ற நான் தலைகீழாக வாசித்தேன். அவர் விரலுக்கு மேலே என் எண்.

“இது என் பார்சல்.” எண்ணின் மேல் விரலை வைத்தேன்.

“கைய எடு! அரசாங்கப் பொஸ்தகம்!”

“ரெண்டு நம்பரும் ஒண்டுதானே, கிளாக்கர்,” என்றார் முதலாளி, என் சீட்டைப் பார்த்து.

நான் முதன்முதல் போன நாளுக்கு முந்திய நாளே வந்திருந்தது. எந்த ரயில், எந்தத் தட்டு, எல்லாம் முத்துமுத்தான எழுத்தில்.

“அப்ப ஏன் வரல்லன்னு சொன்னீங்க?”

“தோட்டத்து ஆளுங்க எத்தனையோ பேர் வர்றாங்க. எல்லாருக்கும் பொஸ்தகத்தத் தொறக்க முடியுமா?”

கடைசியில் கிளாக்கர் உள்ளே போனார். ஒழுகும் கூரைக்குக் கீழே கிடந்த பெட்டியை எடுத்து வந்தார். உள்ளே தோல் பூஞ்சணம் பிடித்துச் சுருங்கியிருந்தது. ‘நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்ற இடத்தில் கையெழுத்துக் கேட்டார். அதை வெட்டிவிட்டு நான் எழுதினேன்: ‘இரண்டு முறை வரவில்லை என்றார்கள். பதிவேட்டைத் திறக்கவில்லை. நனைந்து போனதைத் தந்தார்கள்.’ கிளாக்கர் கத்தினார். முதலாளி என் பேனாவை வாங்கி, அதற்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டார்.

பதுளையில் ஒரு சப்பாத்துத் தைப்பவர் பின்பக்கத்தைக் கிழித்து ஒட்டுப்போட்டுத் தந்தார். தவணை பாதி போன பிறகு, குதிகால் கொப்புளத்தோடு தங்கச்சி பள்ளிக்கூடம் போனாள். ரயில்வே மேலிடத்துக்கு இரண்டு முறைப்பாட்டுக் கடிதம் எழுதினேன், பதிலே வரவில்லை.

பதிவேட்டில் ஒரு பிழை இருந்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். ஒரு எழுத்துக்கூடத் தவறவில்லை. அந்த ஆளைத் தெருவில் கண்டால் இன்றைக்கும் நான் நின்று, ஏன் அதைத் திறக்கவில்லை என்று கேட்பேன்.