மேலே ஓடிய கேர்சர்

யுத்த காலத்தில் வெள்ளவத்தையில் ஒரு தட்டச்சுக் கடையில் வேலை செய்தேன். அங்கிருந்த பழைய கணினித் திரையில் மினுங்கும் சிறு கோடுகளாக இரண்டு கேர்சர்கள் உண்டு. ஒன்று நான் எழுதும் இடத்திலேயே நிற்கும். மற்றதை மேலே கொண்டுபோய்ப் பழைய வரிகள்மேல் நகர்த்தினால், அது கடக்கும் எழுத்தெல்லாம் கீழே நான் எழுதும் இடத்திலும் அப்படியே வந்து விழும். படையினரின் சுற்றிவளைப்பில் பிடிபட்ட பிள்ளைகளுக்காகத் தாய்மார் அதிகாரிகளுக்குக் கொடுக்கும் ஆங்கில மனுக்களை அப்படித்தான் தயாரித்தேன். பெயரும் முகவரியும்தான் மாறும்.

ஒருநாள் கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் அம்மா வந்தார். லொட்ஜில் தங்கியிருந்த அவருடைய மகனைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். பக்கத்தில் இருந்து திரையையே பார்த்தவர், "மேலை ஓடுறது என்ன தங்கச்சி?" என்று கேட்டார்.

"போன கிழமை வந்த ஒரு அம்மான்ரை மனு. அதிலையிருந்து எடுக்கிறன்."

"அவவின்ரை பிள்ளை வந்திட்டுதோ?"

"இல்லை அம்மா."

"அப்ப அதிலையிருந்து எடுக்காதேங்கோ. என்ரை பிள்ளைக்குப் புதுசா எழுதுங்கோ."

எழுதியதை அழித்துவிட்டு, அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். மகனுக்கு மூச்சு இழுப்பு வருத்தம் இருந்ததையும், மருந்தை அவன் கொண்டுபோகாததையும் சேர்த்தேன்.

சில வாரங்களில் பதில் கடிதத்துடன் வந்தார். சிங்களத்தில் இருந்ததால் தமிழில் வாசித்துச் சொல்லும்படி என்னிடம் தந்தார். அப்படி ஒருவர் தங்களிடம் இல்லை என்று ஒரே வரியில் எழுதியிருந்தார்கள்.

"இன்னொருக்கா வாசியுங்கோ" என்றார்.

முதலில் வாசித்ததைவிட மெதுவாக வாசித்தேன்.