சரியாக வரும்வரை எறிவேன்

ரூபீனா அக்காவுக்கு தி.நகர் ஜவுளிக்கடையில் புடவை பிரித்துக் காட்டும் வேலை. மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டினால் முந்தானை மேஜை நெடுக விரியும். டென்னிஸ் கோர்ட்டில் அந்தப் பழக்கமே அவருக்கு எமன். சர்வீஸ் போட மேலே எறியும் பந்து தலைக்குப் பின்னால் போய் விழும். "மணிக்கட்டை அசைக்காதீங்க, தண்ணி டம்ளரைத் தூக்குற மாதிரி தூக்குங்க" என்று கோச் தினமும் கத்துவார். இந்த வயதில் எதற்கு இந்த ஆட்டம் என்று கேட்டவர்களை அக்கா சட்டை செய்யவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அடையாறில் போட்டி. எதிரே பேங்க் அதிகாரி ஸ்ரீஹரி. அக்கா எறிந்த பந்து கோணலாகப் போனது. அடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டார். விதிப்படி அதில் தப்பில்லை. மறுபடி எறிந்தார், மறுபடியும் பிடித்தார்.

"எவ்வளவு நேரம்மா? எதையாவது அடிச்சுத் தொலைங்க!" என்று ஸ்ரீஹரி எரிந்து விழுந்தார்.

அக்கா பந்தைத் தரையில் தட்டியபடியே சொன்னார்: "போன தீபாவளிக்கு எங்க கடையில உங்க வீட்டம்மாவுக்கு ஒரு அலமாரிப் புடவையையே பிரிச்சுக் காட்டினேன். ஒண்ணும் சரியில்லைன்னு எழுந்து போனீங்க. நான் முகம் சுளிச்சேனா? எனக்கும் சரியா வர்ற வரைக்கும் எறிவேன். நாள் முழுக்க நிக்கிறவ நான். நீங்க கொஞ்சம் நில்லுங்க சார்."