அப்பா ஒட்டிய ராக்கெட்

நடந்தவை, வரிசைப்படி:

1. ராக்கெட் மாடல் கிட் ஒன்று வாங்கினேன்.
2. பெட்டியில் சொல்லியிருந்தபடியே கட்டினேன்.
3. பெட்டியில் சொல்லியிருந்தது தப்பு என்று தெரிந்து, பாதியைப் பிடுங்கி மறுபடியும் கட்டினேன்.
4. தூக்கிச் செல்ல வசதியாக, மூன்று துண்டாகக் கழலும்படி செய்தேன்.
5. அம்மா வீடு கூட்டும்போது ஒரு துண்டு கழன்றது.
6. அப்பா ஒட்டினார்.
7. ராக்கெட் ஒரு கல்யாணத்துக்குப் போனது.

நான் மலாக்காவின் குருபோங் வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு டெக்னீஷியன். எங்கள் பிரிவில் ஏதாவது கெட்டுப்போனால் முதலில் நடந்ததை மட்டும் எண் போட்டு எழுத வேண்டும். காரணம் பிறகுதான். அந்தப் பழக்கத்தில் எழுதிவிட்டேன். இனி காரணங்கள்.

அந்த ராக்கெட், மனிதர்களை நிலாவுக்கு ஏற்றிச்சென்ற ராக்கெட்டின் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. சின்னது என்று நினைத்துத்தான் வாங்கினேன். எழுபத்திரண்டால் வகுத்த பிறகும் அது என் உயரத்துக்கு இருக்கும் என்பதை, கணக்குப் போடத் தெரிந்த நான் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. கட்டி முடித்து ஹாலில் நிறுத்தியபோது அம்மா என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உசரம் பொருந்துது. சாதகம் மட்டும் பாத்துட்டா முடிச்சிரலாம்," என்றார்.

பெட்டி மேலிருந்த படத்தில் கறுப்புப் பட்டைகள் இருந்த இடம், பறக்காத ஒரு சோதனை ராக்கெட்டுக்கு உரியது. நிஜமாகப் பறந்ததில் பட்டைகள் வேறு இடத்தில் இருந்தன. இது தெரியாமல் இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். தெரிந்துவிட்டது. சுரண்டி மறுபடி வண்ணம் அடித்தேன். அடியிலுள்ள ஐந்து எஞ்சின்களும் கிட்டில் வழவழவென்று இருந்தன. நிஜத்தில் அவற்றின் மேல் வெப்பம் தாங்கும் உறை போர்த்தியிருக்கும். அம்மா மீன் சுடும் அலுமினியத் தாளைக் கசக்கி, விரித்து, ஒட்டினேன். ஐந்து எஞ்சினுக்கும் சேர்த்து ஒரு சுருள் முழுவதும் போனது. அந்த வாரம் எங்கள் வீட்டில் மீன் குழம்பில்தான் வெந்தது.

கடைசி மேம்பாடுதான் காந்தம். மலாக்கா நகரத்துப் பேரங்காடி ஒன்றில் மாடல் கட்டுகிறவர்களுக்குப் போட்டியும் கண்காட்சியும் நடக்கப்போவதாகத் தெரிந்து, பெயர் கொடுத்திருந்தேன். எங்கள் காரோ சின்னது. அதனால் ராக்கெட்டின் மூட்டுகளுக்குள் காந்தம் வைத்து, இழுத்தால் மூன்று துண்டாகப் பிரியும்படி செய்தேன். துண்டுக்கு ஒன்றாக, உள்ளே பஞ்சு வைத்த மூன்று பெட்டிகளும் தயார். எனக்கு மிகவும் திருப்தியாக இருந்தது.

அப்பாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவர் எஸ்டேட் செம்பனை எண்ணெய் ஆலையின் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். ஆலையை விட்டு இந்தத் தாமான் குடியிருப்புக்கு வந்த பிறகும், அக்கம்பக்கத்தில் எந்தப் பம்ப் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். போன வருஷம் அவருக்கு இலேசாகப் பக்கவாதம் வந்தது. கால் சரியாகிவிட்டது. வலது கை பாதிதான் திரும்பியது. கைக்கு வேலை கொடுங்கள் என்று டாக்டர் ஒவ்வொரு முறையும் சொன்னார். அப்பா கொடுக்கவில்லை. டீ கிளாஸ் இடது கைக்கு மாறியது, ரிமோட்டும் மாறியது. அவருடைய கருவிப் பெட்டி மேல் அம்மா மடித்த துணிகளை அடுக்க ஆரம்பித்தார். யாராவது பம்ப் என்று வந்தால், "வேற ஆளப் பாருப்பா," என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொள்வார்.

இப்படி இருக்கும்போதுதான் ஐந்தாவது சம்பவம். நான் வேலையில் இருந்தேன். அம்மா கூட்டிக்கொண்டே வந்து ராக்கெட்டை இடித்திருக்கிறார். மேல் துண்டு கழன்று சோபாவில் விழுந்திருக்கிறது. அம்மா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிட்டாராம்.

மாலையில் நான் வீட்டுக்கு வந்தபோது, மடித்த துணிகள் சாப்பாட்டு மேசையில் இருந்தன. கருவிப் பெட்டி திறந்திருந்தது. அப்பா ராக்கெட்டுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். அவருடைய வலது கையில் விரல் விரலாகக் கறுப்புப் பசை.

"ஆட்டிப் பாரு," என்றார்.

ஆட்டினேன். மேல் மூட்டு ஆடவில்லை. கீழ் மூட்டும் ஆடவில்லை.

"அதுவும் லூசாதான் இருந்துச்சு. அதையும் சேத்து ஒட்டிட்டேன்," என்றார். அடியைப் பார்த்தேன். ராக்கெட் அகலமான ஒரு பிளைவுட் பலகையோடு ஒன்றாகியிருந்தது. "நின்னா ஆடக்கூடாது பாரு, அதான். ரெண்டு டியூப் கலந்து போடற பசைம்மா. ஆலையில குழாய்க்கே இதத்தான் போடுவோம்."

அப்பாவுக்குப் பின்னால் நின்ற அம்மா, கண்ணாலேயே என்னை மிரட்டிக்கொண்டிருந்தார்.

"நல்லா பிடிச்சிருக்குப்பா," என்றேன். பொய் இல்லை. ஒரு சொட்டுப் பசை வெளியே வழிந்திருக்கவில்லை. வேலையிடத்தில் என்றால் முத்திரை குத்தி அனுப்பியிருப்பேன்.

சமையலறையில் அம்மா மெதுவாகக் கேட்டார். "அது கழட்டுற மாதிரிதான் செஞ்சதா?"

"ஆமா."

"மூச்சு விடாத. ஒரு வருஷம் கழிச்சி இன்னிக்குத்தான் அந்தப் பொட்டியத் தொறந்திருக்காரு."

நான் மூச்சு விடவில்லை. பஞ்சுப் பெட்டிகள் மூன்றையும் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அந்த வாரம் முழுவதும் அப்பா, காஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் உட்பட வந்தவர் எல்லாரையும் ராக்கெட்டை ஆட்டிப் பார்க்கச் சொன்னார். கண்காட்சிக்குத் தானும் வருவதாகச் சொல்லி, சட்டையைத் தேய்த்து மாட்டிவிட்டார்.

எனக்கு இருந்த வழிகளை யோசித்தேன். அறுக்கலாம், ஆனால் அவருக்குத் தெரிந்துவிடும். பெயிண்ட் தின்னர் ஊற்றிப் பசையைக் கரைக்கலாம், ஆனால் பசைக்கு முன்னால் ராக்கெட் கரைந்துவிடும். போகாமல் இருக்கலாம், ஆனால் சட்டை தேய்த்தாகிவிட்டது. மிச்சம், முழுசாகத் தூக்கிப்போவதுதான். ராக்கெட்டுக்கும் அடிப்பலகைக்கும் பதிலாக, துடைப்பக் கட்டையின் முனையில் ஒரு தாம்பாளத்தைக் கட்டி, அதைக் காருக்குள் படுக்க வைத்து ஒத்திகை பார்த்தேன். முன்சீட்டைச் சாய்த்தால் தாம்பாளம் கதவை மூடவிடவில்லை. பின்பக்கமாக நுழைத்தால் கட்டை கண்ணாடியில் இடித்தது. அப்படியே நுழைந்தாலும் ராக்கெட்டின் மெல்லிய உடம்பு படுத்துக்கொண்டு பயணம் செய்யாது.

"என்னம்மா பண்ற?" என்று வாசலிலிருந்து அப்பா கேட்டார்.

"கார் கழுவறேன்பா."

"தாம்பாளத்துலயா?"

இரண்டு வீடு தள்ளி இருக்கும் அங்கிள் கல்யாண அலங்காரம் செய்கிறவர். மணவறை, தூண்கள், வாழைமரம் எல்லாம் ஏற்றிப்போக லோரி வைத்திருக்கிறார். அவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். கண்காட்சி நாளன்று காலையில் நகரத்து மண்டபம் ஒன்றுக்குப் போவதாகவும், போகிற வழியில் முதலில் எங்களைப் பேரங்காடியில் இறக்கிவிடுவதாகவும் சொன்னார். "நிலாவுக்கே போனது, டவுனுக்குப் போவாதா? ஏத்து லா," என்றார்.

தூசி படாமல் இருக்க ராக்கெட்டை வெள்ளைப் படுக்கை விரிப்பால் சுற்றினேன். லோரியில் ஏற்றிய பிறகுதான் பார்த்தேன், அங்கிளின் தூண்களும் வெள்ளைத் துணியில் சுற்றித்தான் நின்றன. அதை நான் ஒரு கோளாறாக மதிப்பிடவில்லை. மதிப்பிட்டிருக்க வேண்டும்.

பாதி வழியில் மண்டபத்திலிருந்து அங்கிளுக்கு அழைப்பு வந்தது. பெண் வீட்டார் வந்துவிட்டார்களாம், வாசலில் ஒன்றுமே இல்லையாம். "அஞ்சே நிமிசம் பாப்பா, இந்தச் சாமான எறக்கிட்டு உன்ன விடறேன்," என்று லோரியை மண்டபத்துக்குத் திருப்பினார். அங்கே போனதும் அப்பா டாய்லெட் தேடினார். நான் கூடப் போனேன்.

திரும்பி வந்தபோது லோரி ஏறக்குறைய காலி. மண்டப வாசலின் வலது பக்கம் ஒரு வாழைமரம். இடது பக்கம் என் ராக்கெட். துணி இல்லை. கழுத்தில் மல்லிகைச் சரம். முதல் கறுப்புப் பட்டைக்கு மேல் சந்தனமும் குங்குமமும்.

அங்கிளின் வேலையாள், பெரிய மீசை வைத்தவர், தூரத்தில் நின்று நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இது எங்களுதுண்ணே!" என்றேன்.

"அப்படியா? மாப்ள இஞ்சினியருன்னாங்க. அதான் தீம் போலன்னு வச்சேன்."

தூக்கப் போனேன். பட்டுப்புடவை கட்டிய அம்மா ஒருவர் குறுக்கே வந்தார். பெண்ணின் பெரியம்மா.

"யாரும்மா நீ? எங்க கொண்டுபோற?"

விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டார். ஆனால் அசையவில்லை. "அதெல்லாம் சரிம்மா. கல்யாண வாசல்ல பொட்டு வச்சி நிறுத்துன பொருள பொழுது விடிஞ்சதும் தூக்கிட்டுப் போறதா? நல்லதில்ல. ராத்திரி விருந்து முடிஞ்சதும் எடுத்துக்க."

"பன்னிரண்டு மணிக்குள்ள நான் இத போட்டியில குடுக்கணும் ஆன்ட்டி."

"வாடகை வேணும்னா சொல்லு, குடுத்துடறோம்."

அதற்குள் உறவுக்காரர்கள் நாலைந்து பேர் ராக்கெட்டோடு படம் எடுக்க வரிசையில் நின்றுவிட்டார்கள். ஒருவர் எஞ்சினைத் தொட்டுப் பார்த்து, "நெசமான வெள்ளியா?" என்று கேட்டார். அங்கிள் பெண் வீட்டாரிடம் இன்னும் பணம் வாங்கவில்லை என்பதால் எந்தப் பக்கமும் பேசவில்லை.

அப்பாதான் மெதுவாக நடந்து வந்தார். ராக்கெட்டைப் பார்த்தார். வாழைமரத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, இன்னொரு வாழை எங்க?" என்று பெரியம்மாவிடம் கேட்டார்.

பெரியம்மா திரும்பினார். முகம் மாறியது. "ஆமா, எங்க?"

"லோரியில கெடக்கு," என்றார் மீசைக்காரர். "எடம் இல்லன்னு வைக்கல."

"ஒத்த வாழ கட்டுன கல்யாண வாசல நான் பாத்ததில்ல," என்றார் அப்பா, யாரையும் குறை சொல்லாத குரலில். "மாப்ள வீட்டுக்காரங்க வர்ற நேரம் வேற."

அதற்குப் பிறகு ராக்கெட்டை வாசலிலிருந்து அகற்றுவதில் எங்களைவிடப் பெரியம்மாதான் அவசரப்பட்டார்.

மீசைக்காரரும் நானும் தூக்கினோம். லோரி அருகே வந்ததும் அவர் மூச்சு வாங்கிக்கொண்டு அப்பாவிடம் சொன்னார், "என்னண்ணே, இத மூணா கழட்டியே கொண்டாந்திருக்கலாமே. இதோ மூட்டுல கோடு தெரியுதே. எங்க தூணுங்கூட அப்படித்தான்."

அப்பா குனிந்து கோட்டைப் பார்த்தார். கீழ்க் கோட்டையும் பார்த்தார். பிறகு என்னை.

"கழட்டுற மாதிரி செஞ்சியா?"

எனக்குப் பொய் வராது. "ஆமாப்பா."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"இவனுக்கு?"

அங்கிள் லோரியின் டயரைக் காலால் உதைத்துக் காற்று இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தார்.

"அப்ப தாமானுக்கே தெரியும்," என்றார் அப்பா. "ஏன் சொல்லல?"

"நீங்க பொட்டியத் தொறந்திருந்தீங்கப்பா. அதுக்கு மேல என்ன சொல்றதுன்னு தெரியல."

அவர் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். நகத்தின் ஓரத்தில் கறுப்பு இன்னும் போகவில்லை. கோபப்படுவார் என்று நினைத்தேன். அழுதுவிடுவாரோ என்று பயந்தேன். அவர் நினைத்துக்கொண்டிருந்தது வேறு.

"மடப்பொண்ணு. அன்னிக்கே சொல்லியிருந்தா பசை காயறதுக்குள்ள எடுத்திருப்பேன். இப்ப அறுக்கத்தான் வேணும்."

"அண்ணே, லோரியில ரம்பம் இருக்கு," என்றார் அங்கிள், பேச்சு மாறிய சந்தோஷத்தில்.

"அங்கிள்!"

"ஒட்டத் தெரிஞ்சவனுக்கு அறுக்கத் தெரியாதா? நேரா அறுத்துத் தரேன்," என்றார் அப்பா. ரம்பத்தைக் கையில் வாங்கியும்விட்டார். வலது கையில். நான் ராக்கெட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கண்காட்சி முடியட்டும், கண்காட்சி முடியட்டும் என்று கெஞ்சினேன். மாப்பிள்ளை வீட்டுக் கார்கள் வந்து நின்றதால்தான் அவர் ரம்பத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

மீதித் தூரம் அப்பா லோரியின் பின்தட்டில் நின்றுதான் வந்தார். இடது கை கம்பியில், வலது கை ராக்கெட்டின் இடுப்பில். உட்காரச் சொன்னேன், கேட்கவில்லை. பேரங்காடியில் பதிவு மேசையை மூடிக்கொண்டிருந்தார்கள். மல்லிகையை உருவிவிட்டு உள்ளே கொண்டுபோனோம். சந்தனம் உதிர்ந்தது. குங்குமம் வெள்ளை வண்ணத்தில் ஊறிவிட்டது. நடுவர்களில் ஒருவர் தன்னிடமிருந்த படங்களை நெடுநேரம் புரட்டிவிட்டு, அந்தச் சிவப்புக் குறி எந்தப் பயணத்தில் இருந்தது என்று கேட்டார்.

"இன்னிக்கு வந்த பயணத்துல," என்றார் அப்பா.

தற்போதைய நிலை: பரிசு கிடைக்கவில்லை. ராக்கெட் எங்கள் ஹாலில் ஒரே துண்டாக நிற்கிறது. எங்கே அறுக்க வேண்டும் என்று அப்பா பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறார், நான் இன்னும் அனுமதி கொடுக்கவில்லை. வலது கை முக்கால் அளவு வந்துவிட்டது என்கிறார் டாக்டர். இந்த வாரம் இரண்டு பேர் பம்ப் சரிபார்க்கக் கூப்பிட்டார்கள். இரண்டு வீட்டுக்கும் அப்பா போனார்.